மொழிபெயர்ப்புத் தொடக்கக் காரணிகளும் புற்றுநோயும்

மொழிபெயர்ப்புத் தொடக்கக் காரணிகள் என்பவை செல்லுக்குள் புரதம் உருவாகும் பணியைத் தொடங்கி வைக்கும் புரதங்கள் ஆகும். தூது ஆர்.என்.ஏ. கொண்டுவரும் செய்தியை ரைபோசோம் படிக்கத் தொடங்க வேண்டுமானால் இக்காரணிகள் தேவை. இவற்றில் சில, இயல்பான செல்லில் மிகக் குறைந்த அளவிலேயே செயல்பட விடப்படுகின்றன. அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து அவற்றின் அளவோ செயல்பாடோ கூடும்போது, செல் பெருக்கத்தைத் தூண்டும் புரதங்கள் அளவுக்கு மீறி உருவாகின்றன. பல வகைப் புற்றுநோய்களில் இந்நிலை காணப்படுகிறது.

இக்காரணிகளில் அதிகம் ஆராயப்பட்டது ஈஐஎஃப்-4ஈ என்பதாகும். மனிதர், விலங்கு, செடி, ஈஸ்ட் என உட்கரு கொண்ட உயிர்கள் அனைத்திலும் இதன் வடிவங்கள் உள்ளன. தேனி மாவட்டத்தின் போடிநாயக்கனூரை ஒட்டி எழும் ஏலமலைச் சரிவுகளில் ஏலச்செடியைத் தாக்கும் கட்டே நோய் வைரசு ஒரு பெரிய வைரசுக் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தின் பல வைரசுகள் செடியைப் பிடிப்பதற்கு இதே காரணியைத்தான் பயன்படுத்துகின்றன. எனவே ஏலத்தோட்டத்தின் நோயையும் மனித உடலின் நோயையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இக்காரணியின் தன்மை எளிதில் விளங்கும்.

புரதம் உருவாகும் முறை

செல்லின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ.வில் ஒவ்வொரு புரதத்துக்கும் உரிய செய்தி மரபணுவாக எழுதப்பட்டுள்ளது. அச்செய்தி முதலில் தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. இந்தப் படி உட்கருவை விட்டு வெளியே வந்து ரைபோசோமை அடைகிறது. ரைபோசோம் அதிலுள்ள எழுத்துகளை மூன்று மூன்றாகப் படித்து, அவற்றுக்குரிய அமினோ அமிலங்களை வரிசையாகக் கோத்துப் புரதத்தை ஆக்குகிறது. இந்தப் பணிக்கு மொழிபெயர்ப்பு என்று பெயர். பாடநூல்களில் இது மரபுச்செய்தி பெயர்வு என்றும் குறிக்கப்படுகிறது.

மொழிபெயர்ப்பில் தொடக்கம், நீட்சி, முடிவு என மூன்று கட்டங்கள் உள்ளன. எவ்வளவு புரதம் உருவாகும் என்பது பெரும்பாலும் தொடக்கக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஒரு மரபணுவிலிருந்து தூது ஆர்.என்.ஏ. நிறைய உருவாகியிருந்தாலும், தொடக்கம் நிகழாவிட்டால் புரதம் கிடைக்காது. ஆகவே டி.என்.ஏ.வில் எந்த மாற்றமும் இல்லாமலேயே, தொடக்கக் கட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் செல்லால் தன் புரத அளவை மாற்றிக்கொள்ள முடியும். உணவு கிடைக்கும்போதும் பட்டினி கிடக்கும்போதும், வைரசு தாக்கும்போதும், வளரும்படி ஆணை வரும்போதும் செல் இவ்வழியைக் கையாள்கிறது.

தொடக்கக் கட்டத்தின் படிகள்

தூது ஆர்.என்.ஏ.வின் முன்முனையில் மீத்தைல் குழு சேர்ந்த குவானோசின் ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. இதைத் தொப்பி என்பர். தொடக்கம் இங்கிருந்துதான் நடக்கிறது.

முதலில் 4ஈ காரணி தொப்பியைப் பற்றிக்கொள்கிறது. 4ஜி என்னும் பெரிய புரதம் 4ஈ-யோடு இணைந்து, மற்றவற்றைத் தாங்கும் சட்டமாக நிற்கிறது. 4ஏ என்னும் காரணி, ஆர்.என்.ஏ. இழையில் உள்ள மடிப்புகளையும் முடிச்சுகளையும் அவிழ்க்கிறது. இம்மூன்றும் சேர்ந்த கூட்டு 4எஃப் எனப்படும்.

இதற்கிடையில் ரைபோசோமின் சிறு துணையலகு வேறொரு பக்கம் தயாராகிறது. 2 என்னும் எண் கொண்ட காரணி, முதல் அமினோ அமிலமான மெத்தியோனினைச் சுமந்த கடத்து ஆர்.என்.ஏ.வை அதனிடம் சேர்க்கிறது. மனித செல்லில் 13 துணையலகுகளால் ஆன 3 என்னும் காரணி, இந்தச் சிறு துணையலகை 4ஜி-யுடன் இணைக்கிறது.

பின்னர் சிறு துணையலகு ஆர்.என்.ஏ. இழை வழியே நகர்ந்து, ஏ-யு-ஜி என்னும் தொடக்கக் குறியைத் தேடுகிறது. குறி கிடைத்ததும் ரைபோசோமின் பெரிய துணையலகு வந்து சேர, புரதம் கோக்கப்படத் தொடங்குகிறது.

குறைவாக இருக்கும் காரணியின் ஆற்றல்

தொப்பிக்கும் தொடக்கக் குறிக்கும் இடையே உள்ள பகுதி எல்லாத் தூது ஆர்.என்.ஏ.க்களிலும் ஒன்றுபோல இருப்பதில்லை. செல்லின் அன்றாடத் தேவைக்கான புரதங்களின் ஆர்.என்.ஏ.க்களில் அது பெரும்பாலும் குட்டையாகவும் சிக்கலின்றியும் இருக்கிறது. செல் பெருக்கத்தைத் தூண்டும் புரதங்கள் பலவற்றில் அது நீளமாகவும் மடிப்புகள் நிறைந்ததாகவும் உள்ளது. முதல் வகையை வலிய செய்திகள் என்றும் இரண்டாம் வகையை நலிந்த செய்திகள் என்றும் சொல்வதுண்டு.

இதை ஓர் அன்றாடக் காட்சியோடு ஒப்பிடலாம். போடியிலிருந்து போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர் விடியற்காலையில் ஜீப்புக்குக் காத்திருப்பார்கள். ஜீப்புகள் குறைவாக இருந்தால், கையில் சோற்றுத் தூக்கு மட்டும் வைத்திருப்பவர்கள் சட்டென்று ஏறிவிடுவார்கள். மூட்டை முடிச்சோடு நிற்பவர்களுக்கு இடம் கிடைப்பது அரிது. ஜீப்புகளின் எண்ணிக்கை இரண்டு மடங்கானால், முன்பே ஏறிக்கொண்டிருந்தவர்களின் நிலையில் பெரிய மாற்றம் இராது. அதுவரை ஏற முடியாமல் நின்றவர்கள்தாம் புதிதாக ஏறிச் செல்வார்கள்.

இங்கே ஜீப்பின் இடத்தில் 4ஈ காரணி இருக்கிறது. அது குறைவாக இருக்கும்வரை வலிய செய்திகளே பெரும்பாலும் படிக்கப்படுகின்றன. அது கூடும்போது மொத்தப் புரத அளவு ஓரளவே உயர்கிறது. ஆனால் நலிந்த செய்திகளிலிருந்து உருவாகும் புரதங்கள் மிகுதியாக உயர்கின்றன. மிக் புரதம், செல் பிரிதலை முடுக்கும் சைக்ளின் டி1, புதிய இரத்தக் குழாய்களை வளர்க்கும் காரணி, செல்லைச் சாகவிடாமல் காக்கும் எம்.சி.எல்.1 ஆகியவை இவ்வாறு 4ஈ-யைச் சார்ந்திருப்பவை. பிரிவது, உணவு வழங்கும் குழாய்களைப் பெறுவது, இறக்க மறுப்பது ஆகிய மூன்றும் புற்றுக்கட்டிக்கு வேண்டிய அடிப்படைத் திறன்கள். ஒரே காரணி கூடுவதால் இம்மூன்றும் ஒன்றாகக் கிடைத்துவிடுகின்றன.

ஆய்வு வரலாறு

தூது ஆர்.என்.ஏ.வின் தொப்பியைப் பற்றும் புரதத்தை நாகும் சோனென்பர்க்கும் ஆரோன் ஷாட்கினின் ஆய்வகத்தினரும் 1978இல் கண்டறிந்தனர். அதுவே பின்னர் 4ஈ என்று பெயர் பெற்றது. அப்போது அது புரத உற்பத்தியின் ஓர் உறுப்பாக மட்டுமே பார்க்கப்பட்டது.

கனடாவின் மாண்ட்ரியால் நகரில் உள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் சோனென்பர்க்கின் குழுவினர் எலி வகைகளின் இழைநாரணுக்களில் 4ஈ-யை மிகையாக உருவாகச் செய்தனர். அச்செல்கள் புற்றுச்செல்களைப் போலக் கட்டுப்பாடின்றிப் பெருகின. நோய் எதிர்ப்புக் குறைந்த சுண்டெலிகளில் செலுத்தியபோது கட்டிகளையும் உண்டாக்கின. இம்முடிவு 1990இல் வெளியானது. மரபணுச் செய்தியில் ஓர் எழுத்தும் மாறாத நிலையிலும், அச்செய்தி படிக்கப்படும் அளவு மாறினாலே செல் புற்றுத்தன்மை அடையக்கூடும் என்பதை அது காட்டியது.

1995 முதல் மார்பகப் புற்றுக்கட்டிகளிலும், தொடர்ந்து தலை, கழுத்துப் பகுதிப் புற்றுக்கட்டிகளிலும் 4ஈ கூடுதலாக இருப்பது பதிவாயிற்று. 4ஈ-யை மிகையாக உருவாக்கும்படி மரபணு மாற்றம் செய்யப்பட்ட சுண்டெலிகளுக்குப் புற்றுக்கட்டிகள் தோன்றுவதும், 4ஈ-யும் மிக் புரதமும் சேர்ந்தால் நிணநீர்ப் புற்று விரைவதும் 2004இல் வெளிவந்த ஆய்வுகளில் தெரியவந்தன.

எதிர்த்திசையில் நடந்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. 4ஈ மரபணுவின் இரு படிகளில் ஒன்று நீக்கப்பட்ட சுண்டெலிகளில் அக்காரணி ஏறத்தாழப் பாதியே இருந்தது. அவை இயல்பாக வளர்ந்தன, குட்டிகளும் ஈன்றன. ஆனால் அவற்றின் செல்களைப் புற்றுச்செல்களாக மாற்றுவது கடினமாக இருந்தது. அதாவது உடல் வாழ்வதற்குப் பாதி அளவு 4ஈ போதும், புற்று வளர்வதற்கு அது போதாது. இத்துறையில் மருந்து தேடும் முயற்சிகளுக்கெல்லாம் இந்த இடைவெளியே அடிப்படையாக உள்ளது.

4ஈ எவ்வாறு கட்டுப்படுத்தப்படுகிறது

செல்லில் உள்ள 4ஈ முழுவதும் எப்போதும் வேலை செய்வதில்லை. 4ஈ-பிணைப்புப் புரதங்கள் என்பவை அதைப் பற்றிக்கொண்டு 4ஜி-யுடன் சேரவிடாமல் தடுக்கின்றன. ஜீப் நின்றாலும் சாவி வேறொருவர் கையில் இருப்பதைப் போன்றது இது.

சாவியை விடுவிக்கும் அதிகாரம் எம்டோர் என்னும் நொதிக்கு உண்டு. தோட்டத்துக் கங்காணி ஆள்கணக்கையும் வேலையையும் பார்த்து உத்தரவு கொடுப்பதைப் போல, எம்டோர் செல்லுக்கு அமினோ அமிலங்கள் உள்ளனவா, ஆற்றல் உள்ளதா, இன்சுலின் போன்ற வளர்ச்சிச் சைகைகள் வந்துள்ளனவா என்பவற்றைக் கணக்கில் கொள்கிறது. எல்லாம் இருந்தால் அது பிணைப்புப் புரதத்தின் மேல் பாஸ்பேட் குழுக்களைச் சேர்க்கிறது. உடனே பிணைப்புப் புரதம் 4ஈ-யை விட்டு விலகுகிறது.

எம்.என்.கே. எனப்படும் நொதிகள் நேரடியாக 4ஈ-யின் மேலேயே ஒரு பாஸ்பேட் குழுவைச் சேர்க்கின்றன. இது இயல்பான வளர்ச்சிக்கு இன்றியமையாததாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பாஸ்பேட் சேர முடியாதபடி மாற்றப்பட்ட சுண்டெலிகள் சுக்கியன் சுரப்பிப் புற்றை எதிர்த்து நிற்பதை 2010இல் வெளியான ஆய்வு காட்டியது.

புற்றுநோயில் அடிக்கடி பழுதாகும் மரபணுக்கள் பல இந்தச் சைகைப் பாதைகளின் மேற்பகுதியில் உள்ளவை. பி.ஐ.3 கைனேஸ் தூண்டப்பட்டாலும், பி-டென் என்னும் தடுப்புப் புரதம் இழக்கப்பட்டாலும் எம்டோர் ஓயாமல் இயங்குகிறது. ராஸ் மரபணு பழுதானால் எம்.என்.கே. நொதிகள் தூண்டப்படுகின்றன. பழுது எங்கே நேர்ந்தாலும் அதன் விளைவு கடைசியில் 4ஈ-யில் வந்து குவிகிறது.

பிற தொடக்கக் காரணிகள்

4ஏ: நலிந்த செய்திகளின் மடிப்புகளை அவிழ்ப்பது இதன் வேலை என்பதால், பெருக்கப் புரதங்கள் இதையும் பெரிதும் சார்ந்துள்ளன. பி.டி.சி.டி.4 என்னும் புரதம் 4ஏ-யைப் பற்றி அடக்கி வைக்கிறது. பல புற்றுகளில் இந்தப் புரதம் குறைந்துவிடுகிறது.

2: செல் நெருக்கடியில் இருக்கும்போது பி.கே.ஆர்., பெர்க் முதலிய நான்கு நொதிகள் இக்காரணியின் ஆல்பா துணையலகில் பாஸ்பேட்டைச் சேர்த்து, பொதுவான புரத உற்பத்தியைக் குறைக்கின்றன. இது செல்லின் பாதுகாப்பு ஏற்பாடு. பி.கே.ஆர். செயலிழந்தால் செல் புற்றுத்தன்மை அடையக்கூடும் என்று 1992இல் காட்டப்பட்டது. ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. முற்றிய கட்டிக்குள் ஆக்சிசனும் உணவும் குறையும்போது புற்றுச்செல்களே இந்தப் பாதுகாப்பைப் பயன்படுத்தித் தாக்குப்பிடிக்கின்றன. அதனால் இக்காரணி சூழலைப் பொறுத்துப் புற்றைத் தடுக்கவும் செய்கிறது, தாங்கவும் செய்கிறது.

3: இதன் துணையலகுகள் சில, பல வகைப் புற்றுகளில் மிகையாகவும் வேறு சில குறைவாகவும் காணப்படுகின்றன. எல்லாத் துணையலகுகளும் ஒரே விளைவைத் தருவதில்லை.

1ஏ: தொடக்கக் குறியைச் சரியாகத் தேர்ந்தெடுக்க உதவும் காரணி இது. இதன் மரபணுவில் நேரும் மாற்றங்கள் கண்ணின் நடுப்படலத்தில் தோன்றும் கரும்புற்று ஒன்றில் காணப்படுகின்றன.

ஏலச்செடியும் 4ஈ காரணியும்

ஏலச்செடியைத் தாக்கும் வைரசு நோய்களில் கட்டே எனப்படும் தேமல் நோய் மிகவும் சேதம் விளைவிப்பது. முதலில் இளந்தளிரில் நடுநரம்பிலிருந்து ஓரம் நோக்கி வெளிர்ந்த கோடுகள் தோன்றும். நாளடைவில் தூர் முழுவதும் பரவி, புதிதாக வரும் தண்டுகள் சிறுத்து, காய்ப்புக் குறைந்துவிடும். அசுவினிப் பூச்சிகள் இந்த வைரசைச் செடிக்குச் செடி கொண்டு செல்கின்றன. நோயுற்ற கிழங்கை நடுவதாலும் இது பரவும். நோய் கண்ட தூரை அடியோடு தோண்டி அழிப்பதே தோட்டக்காரர்கள் கையாளும் முதன்மையான வழி. இவ்வைரசின் ஆர்.என்.ஏ. இறுதிப் பகுதியை மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வரிசைப்படுத்தி, அது பொட்டிவைரிடே குடும்பத்தின் மக்ளூராவைரசு பேரினத்தைச் சேர்ந்தது என்று 2001இல் வெளியிட்டனர்.

பொட்டிவைரிடே குடும்பத்து வைரசுகளின் ஆர்.என்.ஏ.வுக்குத் தொப்பி கிடையாது. அதற்குப் பதிலாக வி.பி.ஜி. என்னும் சிறு புரதம் முன்முனையில் ஒட்டியிருக்கிறது. இக்குடும்பத்தின் டர்னிப் தேமல் வைரசில் உள்ள வி.பி.ஜி., செடியின் 4ஈ வகைக் காரணியோடு பிணைவது 1997இல் கண்டறியப்பட்டது. வைரசுக்கென்று சொந்த ரைபோசோம் இல்லை. செடியின் இயந்திரத்தைத் தன் பக்கம் இழுப்பதற்கு 4ஈ அதற்குப் பிடிமானமாகிறது.

மிளகாயில் உருளைக்கிழங்கு ஒய் வைரசை எதிர்க்கும் பி.வி.ஆர்.2 என்னும் மரபணு, உண்மையில் 4ஈ காரணிக்கான மரபணுவே என்பது 2002இல் தெரியவந்தது. அந்த மிளகாய் வகையில் 4ஈ சற்றே உருமாறியிருப்பதால் வைரசால் அதைப் பற்ற முடிவதில்லை. செடிகளில் 4ஈ-யும் அதன் நெருங்கிய உறவான இன்னொரு வடிவமும் உள்ளன. ஒன்று மாறினாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்வதால் செடி நன்றாகவே வளர்கிறது.

இவ்விரு நோய்களும் ஒரே உண்மையைக் காட்டுகின்றன. கட்டுப்பாட்டை மீறிப் பெருகும் பலவற்றுக்கு 4ஈ தேவைப்படுகிறது. வைரசு வெளியிலிருந்து வந்து அதைப் பற்றுகிறது. புற்றுச்செல் உள்ளிருந்தே அதைப் பெருக்கிக்கொள்கிறது. இரண்டு இடத்திலும் அதன் அளவையோ வடிவத்தையோ சிறிது மாற்றினால், தாங்கி நிற்கும் உயிருக்குப் பெரிய கேடின்றி நோயைத் தடுக்க வாய்ப்பு உண்டு.

வாய்ப்புற்றும் அறுவை விளிம்பும்

இந்தியாவில், குறிப்பாக ஆண்களிடம், மிகுதியாகக் காணப்படும் புற்றுகளில் வாய்ப்புற்றும் ஒன்று. வெற்றிலை பாக்குடன் புகையிலை மெல்லுவது இதற்கு முதன்மைக் காரணம். மலைத்தோட்ட வேலையில் குளிரையும் பசியையும் மறக்க வெற்றிலையை வாயில் அடக்கிக்கொள்ளும் வழக்கம் ஆண், பெண் இருபாலரிடமும் உண்டு. புகையிலை சேர்க்காவிட்டால் கெடுதல் இல்லை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. அது தவறு. பாக்கும், புகையிலை சேர்க்காத வெற்றிலைப் பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில் வகைப்படுத்தியுள்ளது. பாக்கு மெல்லுவதால் வாயின் உட்படலம் இறுகி, வாயைத் திறக்க முடியாமல் போகும் நிலையும் ஏற்படும். அது பின்னர் புற்றாக மாறக்கூடும்.

வாய்ப்புற்றை அறுவை செய்து நீக்கிய பிறகும், சிலருக்கு அதே இடத்தில் நோய் திரும்ப வருகிறது. கட்டியைச் சுற்றிச் சிறிது நல்ல தசையையும் சேர்த்தே வெட்டுவார்கள். அந்த விளிம்பில் புற்றுச்செல் இல்லை என்று நுண்ணோக்கியில் உறுதி செய்த பின்னும் நோய் திரும்புவது மருத்துவர்களுக்கு நெடுநாள் புதிராக இருந்தது. வாயின் உட்படலம் முழுவதும் ஒரே நச்சுக்கு ஆட்பட்டிருப்பதால், கட்டியைச் சுற்றியுள்ள பரப்பும் மாறியிருக்கக்கூடும் என்ற கருத்து 1953இல் முன்வைக்கப்பட்டது.

4ஈ பற்றிய ஆய்வு இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் தலை, கழுத்துப் புற்று நோயாளிகளின் அறுவை விளிம்புகளை 4ஈ-க்காகச் சோதித்தனர். நுண்ணோக்கியில் இயல்பாகத் தெரிந்த விளிம்புகள் சிலவற்றிலும் 4ஈ கூடியிருந்தது. அத்தகைய நோயாளிகளுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு அதிகமாக இருந்ததை 1997இல் அறிவித்தனர். செல்லின் தோற்றம் மாறுவதற்கு முன்பே அதன் செய்தி படிக்கும் அளவு மாறிவிடக்கூடும் என்பது இதன் பொருள். ஏலத்தோட்டத்தில் கோடு தெரியும் இலையை மட்டும் கிள்ளிவிட்டால் கட்டே நோய் போகாதது இங்கே நினைவுக்கு வரும். அறிகுறி தெரியாத பகுதியிலும் நோயின் தொடக்கம் இருக்கக்கூடும்.

இதனால்தான் சிகிச்சை முடிந்த பிறகும் குறித்த நாளில் மருத்துவரிடம் காட்டுவதும், வெற்றிலை, பாக்கு, புகையிலையை முற்றிலும் விடுவதும் வலியுறுத்தப்படுகின்றன. இரண்டு மூன்று வாரங்களாகியும் ஆறாத வாய்ப்புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் தாங்காத எரிச்சல், வாய் திறப்பு குறைதல், கழுத்தில் வலியற்ற கட்டி ஆகியவை உடனே காட்டப்பட வேண்டிய அறிகுறிகள். தொடக்கத்தில் வலி இராது என்பதால் பலர் நாள் கடத்துகின்றனர். அரசு மருத்துவமனைகளில் வாய்ப் பரிசோதனை செய்துகொள்ளலாம். 1954இல் தொடங்கப்பட்ட சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் தொடக்கநிலையில் கண்டறிவதன் தேவையைப் பல்லாண்டுகளாக மக்களிடம் எடுத்துச் சொல்லி வருகிறது.

மருந்துகள்

எம்டோரைத் தடுப்பவை: பசிபிக் பெருங்கடலின் ஈஸ்டர் தீவு மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியத்திலிருந்து ராபமைசின் என்னும் பொருள் பிரிக்கப்பட்டது. மாண்ட்ரியால் நகரில் பணியாற்றிய இந்திய வம்சாவளி அறிவியலாளர் சுரேந்திர நாத் சேகலின் குழு இதை 1975இல் வெளியிட்டது. எம்டோர் என்ற பெயரே இம்மருந்தால் வந்தது. இதன் வழித்தோன்றல்களான டெம்சிரோலிமஸ் 2007லும், எவரோலிமஸ் 2009லும் முற்றிய சிறுநீரகப் புற்றுக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன. ஆனால் இம்மருந்துகள் 4ஈ-பிணைப்புப் புரதத்தின் மீது எம்டோர் செய்யும் வேலையை முழுமையாக நிறுத்துவதில்லை. அதனால் பலருக்கு இவற்றின் பயன் ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது.

4ஈ-யைக் குறிவைப்பவை: வைரசு நோய்களுக்குப் பயன்பட்டு வந்த ரிபாவைரின், 4ஈ கூடியிருந்த இரத்தப் புற்று நோயாளிகள் சிலருக்குக் கனடாவில் கொடுத்துப் பார்க்கப்பட்டது. 2009இல் வெளியான முடிவில் சிலரிடம் நோய் தணிந்தது. எனினும் நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது. எம்.என்.கே. நொதிகளைத் தடுக்கும் மருந்துகளும் சோதிக்கப்பட்டு வருகின்றன.

4ஏ-யைத் தடுப்பவை: வேம்பு இடம்பெறும் மீலியேசி குடும்பத்தில் அக்லேயா என்னும் மரப் பேரினம் உள்ளது. இதன் இனங்கள் சில மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் வளர்கின்றன. தைவானைச் சேர்ந்த அக்லேயா இனம் ஒன்றிலிருந்து 1982இல் ரொக்கக்ளமைடும், போர்னியோவைச் சேர்ந்த இன்னொன்றிலிருந்து 2004இல் சில்வெஸ்ட்ராலும் பிரிக்கப்பட்டன. இவை 4ஏ-யைத் தூது ஆர்.என்.ஏ.வின் சில பகுதிகளின் மேல் நகர முடியாமல் இறுகச் செய்கின்றன. நலிந்த செய்திகள் இதனால் முதலில் பாதிக்கப்படுகின்றன. இவற்றை ஒட்டி ஆய்வகத்தில் உருவாக்கப்பட்ட ஜோட்டாடிஃபின் மனிதர்களில் சோதிக்கப்பட்டுள்ளது.

இம்மருந்துகள் அனைத்துக்கும் பொதுவான சிக்கல் அளவுதான். இயல்பான செல்லுக்கும் தொடக்கக் காரணிகள் தேவை. அவற்றை முழுவதும் நிறுத்தினால் உடல் தாங்காது. புற்றுக்குப் போதாமலும் உடலுக்குப் போதுமானதாகவும் இருக்கும் அளவில் நிறுத்துவதே மருந்தியலாளர்களின் முயற்சி.

தவறான புரிதல்கள்

கட்டே நோய் வைரசு செடிகளை மட்டுமே தாக்கும். நோயுற்ற தோட்டத்தின் ஏலக்காயைத் தொடுவதாலோ உண்பதாலோ மனிதருக்குப் புற்றுநோய் வராது. ஒரே வகைக் காரணி இரு உயிர்களிலும் இருப்பதால் ஒன்றின் நோய் மற்றதற்குத் தொற்றுவதில்லை.

ஏலக்காய் புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று பரவும் செய்திகளுக்கு நோயாளிகளிடம் நிறுவப்பட்ட சான்று இல்லை. ஆய்வகக் கண்ணாடித் தட்டில் ஒரு சாறு புற்றுச்செல்லைக் கொல்வதும், அதே சாறு நோயாளியைக் குணப்படுத்துவதும் வேறு வேறு. நறுமணப் பொருளாக அதை உணவில் சேர்ப்பதில் தவறில்லை. அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே ஆபத்து.

அக்லேயா மரத்தின் இலை, பட்டைகளைக் கசாயமாக்கிக் குடிப்பதும் கூடாது. அதில் உள்ள பொருள்கள் புரத உற்பத்தியையே தடுக்கும் ஆற்றல் கொண்டவை. அளவு தெரியாமல் உட்கொண்டால் நல்ல செல்களும் பாதிக்கப்படும்.

4ஈ கூடியிருப்பது மட்டுமே புற்றுநோய்க்கு முழுக் காரணம் என்றும் கொள்ளக்கூடாது. பி53 போன்ற காவல் மரபணுக்களின் பழுது, நாட்பட்ட அழற்சி, நச்சுப் பொருள்கள் எனப் பல படிகள் சேர்ந்தே புற்று உருவாகிறது. அப்படிகளில் பல ஒன்றுகூடும் இடம் என்பதே 4ஈ-யின் சிறப்பு. பாதி அளவு 4ஈ-யோடு நலமாக வாழ்ந்த சுண்டெலிகள் காட்டியபடி, அந்த இடத்தில் உடலுக்குத் தேவையானதற்கும் புற்றுக்குத் தேவையானதற்கும் இடையே ஒரு வேறுபாடு உள்ளது. பாதுகாப்பான மருந்து அந்த வேறுபாட்டிலிருந்துதான் கிடைக்க வேண்டும். அதுவரை வாய்ப்புற்றைப் பொறுத்தமட்டில், மெல்லும் பழக்கத்தை விடுவதும் ஆறாத புண்ணை உடனே மருத்துவரிடம் காட்டுவதுமே கைவசமுள்ள உறுதியான வழிகள்.